முறுக்கின் எலும்பும் பாட்டியின் சாமி மேசையும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. விளக்கேற்றப் போன பாட்டி, சாமி மேசைக்கு அடியிலிருந்து எறும்புகள் சாரை சாரையாகச் சமையலறைப் பக்கம் போவதைப் பார்த்தார். "ஏம்மா, இங்க என்னமோ செத்துக் கெடக்கிற மாதிரி நாத்தம் அடிக்குது. கொஞ்சம் வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார்.

கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். சுவரோரமாகப் பாதி கடித்த ஆட்டுக்கால் எலும்பு ஒன்று கிடந்தது. வியாழக்கிழமை இரவு முறுக்குக்கு நான் கொடுத்த எலும்பு. தின்று முடித்துவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் வெள்ளிக்கிழமை வேறு. அம்மா சைவம் சமைத்து, வீடு முழுக்கச் சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை.

பாட்டி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் போய் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். அப்பாதான் பேசினார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். வீட்டைச் சுத்தமா வச்சுக்க முடியலன்னா, எங்கேருந்து கூட்டிட்டு வந்தியோ அங்கேயே கொண்டுபோய் விட்டுடு."

அப்போது மாசக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

முறுக்கு எங்கள் வீட்டு நாய். வால் சுருண்டிருப்பதால் தம்பி வைத்த பெயர். எந்த இனம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெருநாய்க் காப்பகத்திலிருந்து வந்த கலப்பினம், பதினாறு கிலோ எடை. வந்த முதல் மூன்று மாதங்களில் அப்பாவின் இரண்டு ஜோடிச் செருப்பு, தம்பியின் கால்குலேட்டர், பாட்டியின் பிரம்பு நாற்காலியின் ஒரு கால் எல்லாவற்றையும் கடித்து முடித்தான். நாய்களை ஓடவிடும் திடலில் பழக்கமான ஒருவர்தான், "பச்சை எலும்பு கொடுத்துப் பார், கடிக்கிற ஆசை தீர்ந்துவிடும்" என்றார். கொடுத்தேன். நாற்பது நிமிடம் வீட்டில் சத்தமே இல்லை. அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு கணக்கியல் பயிற்சியை முடித்தேன். பிறகு விடுவேனா? வாரம் இரண்டு முறை எலும்பு என்றானது. சோபாவில் கறை, தம்பியின் மெத்தையில் ரத்தப் பிசுபிசுப்பு, கடைசியில் சாமி மேசை.

பாட்டி ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே லயத்து வீட்டுக்குப் பின்னால் நாய் இருந்ததாம். எலும்பை வெளியே வீசினால் அது எங்கேயோ கொண்டுபோய்த் தின்னும், மீதியை மண்ணில் புதைக்கும், யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை. "அங்க வாசல் இருந்துச்சு, மண்ணு இருந்துச்சு. இந்த வீவக வீட்டுல அதுக்கு எங்க போகும், பாவம்?" என்று மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது பாட்டி சொன்னார். கோபத்தில் சொன்னதா, பரிவில் சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பிரச்சினையின் முடிச்சு அந்த வாக்கியத்தில்தான் இருந்தது.

நாய்க்கு அருமையான பொருள் ஒன்று கிடைத்தால், அதை யாரும் பறிக்க முடியாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். தின்ன முடியாததை ஒளித்து வைக்கும். மண் இருந்தால் மண்ணில். மண் இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில், மேசைக்கு அடியில். முறுக்கு சேட்டை எதுவும் செய்யவில்லை. நான்தான் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஆளுக்கு ஆள் தாண்டிப் போகிற வழியில், எலும்பை வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டேன்.

முதலில் நான் யோசித்த இடம் சமையலறைக் குளியலறை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம், கதவையும் சாத்தலாம். நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அது முறுக்கைக் குளிப்பாட்டும் இடம். எலும்பைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், கதவோரமாக ஒட்டிக்கொண்டு நடுங்கினான். அந்தத் திட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அடுத்து சமையலறையின் கடைசி மூலை, குளிர்பதனப் பெட்டிக்கு அப்பால். வெறும் தரையில் எலும்பை வைத்தேன். கவ்வினான், முன்னங்கால்களால் பிடிக்கப் பார்த்தான், எலும்பு பளிங்குத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு முறை துரத்திவிட்டு, மூன்றாவது முறை அதைத் தூக்கிக்கொண்டு நேராக வரவேற்பறைக் கம்பளத்துக்கு ஓடினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளம், சோபா, மெத்தை என்று அவன் தேடிப் போனதெல்லாம் எலும்பு வழுக்காத இடங்கள்! மூலையில் ரப்பர் விரிப்பும் அதன்மேல் பழைய குளியல் துண்டும் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டியிருந்தது. முதல் வாரம் எலும்பே கிடையாது; காய்ந்த மெல்லும் தீனி மட்டும், அதுவும் துண்டின்மேல். அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் திட்டவில்லை, துரத்தவில்லை. துரத்தினால் அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடுவான். அவித்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டி, "விடு" என்று சொல்லி, அவன் வாயிலிருந்ததை வாங்கி மறுபடியும் துண்டின்மேல் வைத்தேன். விட்டுக்கொடுத்தால் வேறொன்று கிடைக்கும், விட்டது திரும்பவும் கிடைக்கும் என்பதை அவன் நம்ப வேண்டும். ஒருமுறை தம்பி எலும்பைக் கையால் பிடுங்கப் போய் அவன் உறுமியிருக்கிறான். உங்கள் வீட்டு நாயும் அப்படி உறுமினால் அதற்குத் தண்டனை கொடுக்காதீர்கள். எச்சரிக்காமல் கடிக்கத்தான் அது கற்றுக்கொள்ளும். உறுமல் அதிகமாக இருந்தால் எலும்பை நிறுத்திவிட்டு, பயிற்சி கொடுப்பவரைப் பார்ப்பது நல்லது.

இதற்குள் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "ரத்தமும் நாத்தமும்தானே பிரச்சினை? எலும்பை அவிச்சுக் கொடுத்துட்டா என்னக்கா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமைத்த எலும்பு உலர்ந்து எளிதில் நொறுங்கும். கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தலாம். கோழி எலும்பாக இருந்தாலும் ஆட்டெலும்பாக இருந்தாலும் அதே கதைதான். சாப்பாட்டு மேசையில் மீந்த கறி எலும்பை நாய்க்குப் போடுவது நம் வீடுகளில் சகஜம். முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். ஆக, சமைத்தால் எலும்பு ஆபத்து, சமைக்காவிட்டால் கிருமி ஆபத்து.

கிருமி விஷயத்தை எனக்குச் சொன்னவர் விலங்கு மருத்துவர். முறுக்குக்குத் தடுப்பூசி போடப் போனபோது பெருமையாக எலும்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பச்சை எலும்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை" என்றார். அமெரிக்க விலங்கு மருத்துவச் சங்கமும் நாய்களுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் பச்சை இறைச்சியில் இருக்கக்கூடும். உறைய வைத்தால் அவை சாவதில்லை, தூங்குகின்றன, அவ்வளவுதான். நாய் எந்த நோய் அறிகுறியும் காட்டாமல் அவற்றைச் சுமந்து திரிந்து, மலத்தின் வழியாக வெளியேற்றிக்கொண்டிருக்கலாம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "வீட்டில் சின்னக் குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்களா?"

பாட்டிக்கு 76 வயது, நீரிழிவு வேறு. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களையும், 65 வயதைத் தாண்டியவர்களையும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் இந்தக் கிருமிகள் கடுமையாகத் தாக்கும். முறுக்கு எலும்பைக் கடிக்கும்போது அதை முன்னங்கால்களால் பிடித்துக்கொள்வான். தின்று முடித்ததும் போய்ப் பாட்டியின் மடியில் தாடையை வைப்பான். பாட்டி அவன் தாடையைத் தடவிக் கொடுத்துவிட்டு அதே கையால் வாழைப்பழம் உரிப்பார். சாமி மேசைக்கு அடியில் கிடந்தது கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு. அதைவிடப் பெரிய அழுக்கு அத்தனை மாதமும் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது.

மருத்துவர் பல்லையும் காட்டினார். மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய பல், கடினமான எலும்பைக் கடிக்கும்போது பலகைபோலப் பிளந்துகொள்ளும். கால் எலும்பு அப்படிக் கடினமானது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதாவது பதிய வேண்டும், பதியாத எதையும் நாய் வாயில் கொடுக்காதே என்றார். நான் அதுவரை கொடுத்ததெல்லாம் கால் எலும்பு! எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் கொழுப்பும் அதிகம், வயிற்றுப்போக்கு வரும். இரவு இரண்டு மணிக்கு மின்தூக்கிக்காகக் காத்துக்கொண்டு நின்ற சில நாள்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

இவ்வளவும் கேட்ட பிறகு எலும்பையே நிறுத்தியிருக்கலாம். பலர் நிறுத்திவிடுவார்கள், அது தவறில்லை. நான் நிறுத்தவில்லை, குறைத்தேன். கடிக்கும் ஆசை அவனுக்கு இருக்கிறது, அதைத் தீர்க்க வேறு எதுவும் அந்த அளவுக்கு உதவவில்லை என்பது என் அனுபவம். ஆனால் கோழிக் கழுத்தை மட்டும் அடியோடு விட்டேன். மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பச்சைக் கோழி தின்ற நாய்களுக்குக் கால்கள் செயலிழக்கும் ஒருவகை நரம்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. அதற்குக் கேம்பிலோபேக்டர் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. நான் நுண்ணுயிரியல் மாணவி இல்லை. படித்துவிட்டுப் பயந்தேன், அவ்வளவுதான்.

இப்போது வாரம் ஒருமுறைதான். தேக்கா சந்தையில் ஆட்டு நெஞ்செலும்பு வாங்குவேன். இறைச்சிக் கடை அண்ணன் பழக்க தோஷத்தில் கத்தியை ஓங்குவார். "வெட்டாதீங்கண்ணே, முழுசா வேணும்" என்று கத்த வேண்டும். குழம்புக்கு வெட்டுவதுபோல் வெட்டினால் முனைகள் கூராகிவிடும். நாய் மெல்லாமல் அப்படியே விழுங்கவும் பார்க்கும். எலும்பு அதன் வாயைவிட நீளமாக இருக்க வேண்டும். "குழம்புக்கு இல்லையா தங்கச்சி?" என்று முதல் நாள் கேட்டவர், இப்போது முறுக்கு எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் எலும்பு மூடி போட்ட டப்பாவில், குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில், காய்கறிக்குக் கீழே போகும். தொட்டியில் வைத்துக் கழுவுவதில்லை. கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும். சனிக்கிழமை காலை பாட்டி அத்தை வீட்டுக்குப் போவார். அவர் கிளம்பிய பிறகுதான் மூலையில் மடக்கு வேலியைப் போட்டு, துண்டை விரித்து, நானும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன். எலும்பு வாயில் இருக்கும்போது நாயைத் தனியாக விடுவது கிடையாது. அரை மணி நேரம். நம் ஊர் வெப்பத்தில் பச்சை இறைச்சியை அதற்குமேல் தரையில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. பிறகு கோழித் துண்டு, "விடு", மிச்ச எலும்பு பையில் கட்டிக் குப்பைக்கு.

அவன் வேலியைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் வாயும் முன்னங்கால்களும் சோப்புத் தண்ணீரில் துடைக்கப்படும். தரையை முதலில் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும்; கொழுப்புப் படலம் இருக்கும்போது கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. அதன் பிறகு, புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி தண்ணீரில் கலந்த பிளீச்சை ஊற்றிச் சில நிமிடம் விட்டுத் துடைப்பேன். துண்டு கொதிநீரில் ஊறி, தனியாகத் துவைக்கப்படும். எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை. இருபது நிமிடம் இல்லாத வாரத்தில் எலும்பும் இல்லை. தேர்வு வாரங்களில் முறுக்கு என்னை முறைத்துக்கொண்டு திரிவது அதனால்தான்.

அப்பா சொன்ன மாசக் கடைசி வந்தது, போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டின்மேல் படுத்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவனை வேலிக்கு இப்பால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பாட்டியின் காலில் ஒரு புண் வந்தது. ஆற இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் வீட்டில் பச்சை எலும்பு கிடையாது என்று நானே முடிவு செய்தேன். ரப்பர் பொம்மைக்குள் சோறும் அவித்த பரங்கிக்காயும் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தேன். தின்றான், ஆனால் அந்த மூலையைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புண் ஆறி, பாட்டி மறுபடியும் அத்தை வீட்டுக்குக் கிளம்பிய முதல் சனிக்கிழமை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பினார். "தேக்கா போனா நல்ல நெஞ்செலும்பா பார்த்து வாங்கியாந்து கொடு. போன தடவை வாங்குனது சின்னது. அவனுக்குப் பத்தல."