இன்டர்நெட்டிலும் ஒண்டுக்குடித்தனம்! மறைமலை நகர் பட்டறைக்காரர்களுக்கு லாபமா, நஷ்டமா?

மறைமலை நகர்,-

"உங்க கம்பெனிக்கு வெப்சைட் இருக்கா சார்?"

சிட்கோ எஸ்டேட்டில் லேத் போட்டுப் பிழைப்பவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய காலம் இது.

இங்குள்ள போர்டு ஆலை 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. அதை நம்பி உதிரி பாகம் செய்தவர்கள் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று புது ஆர்டர் தேட வேண்டியதாயிற்று. தேடிப் போகிற இடத்தில் விசிட்டிங் கார்டு மட்டும் போதாதே!

வெப்சைட் என்றால் அதைக் குடிவைக்க இடம் வேண்டும். இடம் என்பது இரவு பகலாக ஓடும் ஒரு கம்ப்யூட்டர். 'சர்வர்' என்பார்கள். இதில் மலிவானது 'ஷேர்டு ஹோஸ்டிங்'. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரே குழாய்

திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள். முற்றம் பொது, குழாய் பொது, வாசல் நம்பரும் பொது.

வாடகை மாதம் 100, 200 ரூபாய்தான். சர்வரைப் பழுது பார்ப்பது, பூட்டுப் போடுவது எல்லாம் கம்பெனி பொறுப்பு. தனி ஆள் போட வேண்டாம். மெஷின் படம் நாலு, விலாசம், போன் நம்பர் என்று சின்னதாக ஒரு சைட் வைக்கிற பட்டறைக்கு இது தாராளம்.

ஆனால் முதல் வருட வாடகையைப் பார்த்து ஏமாறக்கூடாது. புதுப்பிக்கும்போது அது இரண்டு, மூன்று மடங்காக ஏறுவது சகஜம். 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பொடி எழுத்தில் 'இத்தனை பைல்தான்' என்று கணக்கு இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்த வேலை

பக்கத்துக் குடித்தனத்தில் கூட்டம் கூடினால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வரும். அதுபோல நம் சைட்டும் ஆமை வேகத்தில் திறக்கும். அதுகூடப் பரவாயில்லை. ஆபத்து ஈ-மெயிலில்தான்.

அதே சர்வரில் எவனோ ஒருவன் லட்சக்கணக்கில் குப்பை மெயில் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்பாம்ஹாஸ்' போன்ற காவல் அமைப்புகள் அந்த வாசல் நம்பரையே கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிடும். நம்பர் பொது அல்லவா? நாம் அனுப்பிய கொட்டேஷனும் குப்பையில் விழும்.

"கொட்டேஷன் அனுப்பவே இல்லையே" என்பார் அவர். "அனுப்பிட்டோமே சார்" என்போம் நாம். இதற்குள் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருக்கும்!

இதற்காகவே பலர் சைட்டை ஷேர்டில் வைத்துக்கொண்டு, மெயிலை மட்டும் வேறு கம்பெனியில் தனியாக வைக்கிறார்கள். கொஞ்சம் செலவு கூடினாலும் இது புத்திசாலித்தனம் என்றே தோன்றுகிறது. கடை போட்டு நேரடியாகப் பணம் வாங்குகிறவர்கள் 'வி.பி.எஸ்.' என்கிற தனி போர்ஷனுக்குப் போவதே மேல். ஆனால் அங்கே பூட்டு, சாவி எல்லாம் நம் பொறுப்பு. விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

தீயில் போன சைட்டுகள்

2021 மார்ச் 10-ந்தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியின் 5 மாடி சர்வர் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமார் 36 லட்சம் வெப்சைட்டுகள் முடங்கின. வேறு இடத்தில் நகல் வைக்காதவர்களில் பலருக்குப் போனது போனதுதான்.

ஷேர்டோ தனியோ, தீக்கு எல்லாம் ஒன்றுதான். மாதம் ஒரு முறை முழு சைட்டையும் நகல் எடுத்து பட்டறைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள அரைமணி நேரம்கூட ஆகாது.

இன்னொன்று. சைட் செய்து கொடுத்த பையன், விலாசத்தை, அதாவது 'டொமைன்' பெயரை, தன் பெயரிலேயே பதிந்துவிடுவது உண்டு. அவன் வேலை கிடைத்து துபாய் போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது? ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.