சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு

காரைக்கால்மேட்டுக் கரையிலிருந்து தெற்கு நோக்கி நேர்கோட்டில் அளந்தால் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள காங்கேசன்துறை ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் வந்துவிடுகிறது. வடக்கே உள்ள சென்னைக்கு அதைப்போல் இரு மடங்குத் தொலைவு உண்டு. ஆயினும் போர்க்காலம் தொடங்கிப் பல ஆண்டுகள், யாழ்ப்பாணத்தில் உறவினரைக் காண விரும்பியவர்கள் சென்னைக்கோ திருச்சிக்கோ சென்று, கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தரைவழியாக வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

முற்காலத்தில் இந்த நிலை இல்லை. ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதல் சேவையைத் தொடங்கியபோதே அதன் டகோட்டா விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்தது. போரினால் அறுந்துபோன அந்தத் தொடர்பு, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியபோது மீண்டது. பெருந்தொற்றால் மீண்டும் நின்று, 2022 டிசம்பரில் தொடர்ந்தது.

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவைக் கணக்கிட வரைபடமும் எளிய பெருக்கலும் போதும். புவிக்கோளத்தின் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, கோளத்தின் மையத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாக அமைவதால், அதனைப் பெருவட்டத் தொலைவு என்பர். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கிலும் பலாலி 9.8 பாகையிலும் இருக்க, இரண்டும் 80 பாகைக் கிழக்கு நெட்டாங்கை ஒட்டியே அமைந்துள்ளமையால், இங்கே பெருவட்டப் பாதை அநேகமாக அந்த நெட்டாங்குக் கோடேயாகும். ஒரு பாகை அகலாங்கு சுமார் 111 கிலோமீட்டர் என்பதால், 3.2 பாகைக்கு 355 கிலோமீட்டர் கிடைக்கிறது. இக்கோட்டை வரைந்து பார்த்தால், அது காரைக்கால்மேட்டுக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் கடலின் மேலாகச் செல்கிறது. சென்னைக்குப் போய் விமானம் ஏறும் காரைக்கால்காரர் தம் ஊரின் பக்கமாகவே திரும்பிப் பறக்கிறார்.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடிய ஏடிஆர் வகைச் சுழலி விமானத்துக்கு இத்தொலைவு 43 நிமிடமே ஆக வேண்டும் என்று தோன்றினாலும், கால அட்டவணை ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே காட்டுகிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு அசைவது முதல், இறங்கி மறுபடி நிற்பது வரையுள்ள முழு நேரமும் அதில் அடங்குகிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், உயரம் ஏறுவதும், வேகம் குறைத்து இறங்குவதும் குறுகிய பயணத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. இலங்கை 2006இல் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டதால், புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து கழித்தாலே பயண நேரம் தெரிந்துவிடும்.

கடல்வழியில், 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல், ஏறத்தாழ 60 கடல்மைல், அதாவது 111 கிலோமீட்டரை, சுமார் நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. நாகையும் காரைக்காலும் அடுத்தடுத்த ஊர்களாதலால், கடலைக் கடக்கும் நேரம் மிகுந்தாலும், சென்னைவரை போக வேண்டியிராத இப்பகுதியினருக்கு விமானத்தைவிடக் கப்பலே உண்மையில் விரைவான வழி. ஆனால் வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் நின்றுவிடுவதால், அந்நாட்களில் அவர்கள் மீண்டும் விமான நிலையத்தையே நாட வேண்டியிருக்கிறது.