சிலுவை என்ன பிழை செய்தது?

போடிநாயக்கனூர் விடியுமுன்பே எழுந்துவிடும் ஊர். ஏலத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வண்டி கேரள எல்லையில் நுழையும்போதுதான் கிழக்கு வெளுக்கும். அவர்களில் ஒருத்தியின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த சின்னஞ்சிறு சிலுவை ஒன்று உண்டு.

ரோம ராஜ்யத்தின் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், பின் வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "ஸார், சிலுவையில் அறைந்துதானே ஏசுவைக் கொன்றார்கள்? கொன்ற கருவியையா கழுத்தில் மாட்டிக்கொள்வது?" என்று கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் ஹிந்து, பைபிளில் பாண்டித்தியம் உடையவனல்லன். ஆயினும், குறும்பாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. ரோமாபுரியிலேயே இந்தக் கேலி நடந்திருக்கிறது. அங்கே பாலடைன் குன்றில் 1857-ஆம் ஆண்டு ஒரு பழஞ்சுவரைக் கண்டெடுத்தார்கள். அதில் யாரோ ஒரு குறும்பன் கீறிய சித்திரம் இருந்தது. கழுதைத் தலையுடைய ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். கீழே நின்று மற்றொருவன் கையை உயர்த்தி வணங்குகிறான். அலெக்ஸாமெனோஸ் என்பவன் தன் தெய்வத்தைத் தொழும் அழகைப் பாருங்கள் என்ற பொருளில் கிரேக்க எழுத்தும் இருக்கிறது. சிலுவைக் காட்சியைக் குறிக்கும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று, கேலிக்காரன் வரைந்தது!

அவனைக் குறை சொல்வதற்கில்லை. ரோமர்களிடத்தில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமை வீரனின் கலகம் கி.மு. 71-ல் ஒடுங்கியபோது, பிடிபட்ட 6,000 பேரை ரோமிலிருந்து காப்புவா வரையில் சாலையோரமாகச் சிலுவைகளில் அறைந்தார்கள். உயிரைப் போக்குவது மட்டும் நோக்கமன்று. காண்பவன் நடுங்க வேண்டும். மாண்டவன் பெயரைச் சொல்லவும் அவன் சுற்றத்தார் கூச வேண்டும். கயத்தாற்றை நினைத்தால் நமக்கு இது எளிதில் விளங்கும். 1799-ல் கட்டபொம்மனைக் கும்பினியார் பாளையக்காரர்கள் பார்த்திருக்கவே தூக்கிலிட்டார்கள். பின்னால் யார் பெயரைச் சொல்ல ஜனங்கள் கூசினார்கள் என்பது நேயர்களுக்குத் தெரிந்ததுதானே!

ஆதிக் கிறிஸ்தவர்களுக்கே நெடுங்காலம் அந்தக் கூச்சம் இருந்ததுபோலும். மீனையும் நங்கூரத்தையுமே பெரும்பாலும் அடையாளமாக வரைந்துவந்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி அம்மதத்தை ஆதரித்த பிறகே சிலுவை பகிரங்கமாகத் தலைதூக்கிற்று. அவர்கள் அதில் கண்ட பொருள் இது: குற்றமற்ற ஒருவர், தம்மைக் கொல்பவர்களையும் வெறுக்காமல், பிறர் பாவத்துக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தார், மரணமும் அவரை வெல்லவில்லை. கத்தோலிக்கர் ஏசுவின் திருமேனியோடு கூடிய சிலுவையை வைப்பார்கள். அது பட்ட பாட்டை நினைவூட்டும். புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் வெறுஞ்சிலுவையை வைப்பார்கள். அது அவர் உயிர்த்தெழுந்துவிட்டதைச் சொல்லும்.

நம் நாட்டுப் பழஞ்சிலுவைகளிலும் உருவம் கிடையாது. சென்னைப் பரங்கிமலையில் 1547-ல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைப் பாருங்கள். அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து ஓடுகிறது. மேலே ஒரு புறா இறங்குகிறது. நுனிகளெல்லாம் மொட்டவிழ்ந்து நிற்கின்றன. கோட்டயத்திலும் இதையொத்தவை உண்டு. கொலைமரம் பூத்துவிட்டது என்று சொல்லாமற் சொல்லும் சிற்பம் அது. 'சிலுவை' என்ற சொல்லும் சிரிய மொழியிலிருந்து வந்ததே. 'குருசு' போர்த்துக்கீசியர் கொடுத்தது.

காந்தியடிகள் 1931 டிசம்பரில் வட்டமேஜை மகாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் ரோமாபுரிக்குச் சென்றார். வாட்டிகனில் சிலுவையில் தொங்கும் ஏசுவின் உருவத்துக்கு எதிரே கண் கலங்கி நின்றார். தம்மை வருத்திக்கொண்டு எதிரியின் மனத்தைத் திருப்பும் வழியில் நடந்தவருக்கு அந்த உருவம் அந்நியமாயிருந்திருக்க முடியாது.

இதையெல்லாம் கூடியவரை எளிதாகச் சொல்லி முடித்தேன். பையன் உட்காரவில்லை. அவன் தகப்பனார் ஜீப் ஓட்டுபவர். "அப்படியானால் பாப்பாத்திச்சோலையில் சிலுவையை ஏன் ஸார் இடித்தார்கள்?" என்றான்.

அது போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி ஜில்லாவில், சின்னக்கானல் பக்கத்து மலை. சர்க்கார் நிலத்தை வளைத்துக்கொண்டு அங்கே சுமார் 30 அடி உயர இரும்புச் சிலுவை ஒன்றை ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தார் நாட்டியிருந்தார்கள். 2017 ஏப்ரல் 20-ந் தேதி ரெவினியூ அதிகாரிகள் போலீஸ் காவலுடன் சென்று, இயந்திரத்தைக் கொண்டு அதைப் பெயர்த்தெறிந்தார்கள். மறுநாளே அவ்விடத்தில் ஒரு மரச்சிலுவை முளைத்தது. அன்றைய முதன்மந்திரி பினராயி விஜயன் அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். சிலுவை என்ன பிழை செய்தது என்னும் கருத்துப்பட அவர் கேட்டது மலை நாடெங்கும் எதிரொலித்தது. கிறிஸ்தவத் தலைவர்களுள்ளேயே அபிப்பிராய பேதம் இருந்தது. இடித்த விதம் மனத்தைப் புண்படுத்திற்று என்றனர் சிலர். நிலத்தைக் கவர்வதற்குச் சிலுவையை ஆயுதமாக்கலாகாது என்றனர் சிலர்.

சிலுவை ஒரு பிழையும் செய்யவில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதை அங்கே எல்லைக் கல்லாக நட்டவர்கள் செய்தது பெரும் பிழை. தன்னுடையதை எல்லாம் இழந்தவரின் சின்னத்தை, தன்னுடையதல்லாததைப் பிடித்துக்கொள்ள உபயோகிப்பதைக் காட்டிலும் அதை அவமதிப்பது வேறு என்ன இருக்கிறது? பாலடைன் குறும்பன் கழுதைத் தலையைத்தான் வரைந்தான், பொருளை மாற்றவில்லை. 2025 மார்ச்சில் பீருமேடு தாலூகாவின் பருந்தும்பாறையிலும் இதே கதை. விடுதிகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், வேலையை நிறுத்தும்படி சர்க்கார் உத்தரவிட்ட பிறகு, திடீரென்று ஒரு சிலுவை நின்றது. அதையும் அகற்றினார்கள்.

இந்த மலைகளில் சிலுவை எப்போதுமே இப்படி வந்ததன்று. 1940-களின் உணவுப் பஞ்ச காலத்தில் மத்திய திருவாங்கூரிலிருந்து பிழைப்பைத் தேடி இங்கே ஏறிய குடியானவர்கள், யானைக்கும் மலேரியாவுக்கும் நடுவே காட்டைத் திருத்தினார்கள். அவர்களுக்குக் குன்றின் மேலிருந்த சிலுவை துணையாயிருந்தது. இன்றும் பெரிய வெள்ளியன்று வாகமண் குரிசுமலையில் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் ஏறுகிறார்கள். அந்தப் பக்தியையும் ஆக்கிரமிப்பையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

நம்மவர்களும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். புறம்போக்கில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி, மறுவருஷம் கூரை போட்டு, அதற்கடுத்த வருஷம் பக்கத்தில் கடை கட்டி வாடகை வாங்குவோரை நம் ஊர்களில் காணாதவர் யார்? பொதுத் தெருக்களிலும் பூங்காக்களிலும் எந்த மதத்தின் பெயராலும் புதிதாகக் கட்டிடம் எழும்பக் கூடாதென்று 2009-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது சிலுவைக்கு மட்டும் போட்ட உத்தரவல்லவே!

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். பையன் மட்டும் அந்தப் பெண்ணின் பெஞ்சிக்கு அருகே தயங்கி நின்றான். "அது எங்கே வாங்கினது?" என்று கேட்டான்.

"வேளாங்கண்ணியில். அம்மா வாங்கிக் கொடுத்தது, பத்து ரூபாய்" என்றாள் அவள். கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு புஸ்தகப் பையை எடுத்தாள்.