வருகைப் பதிவேட்டில் இருக்கும் உவமைகள்

அணி என்ற சொல்லுக்கு அழகு என்றும், பூணும் நகை என்றும் பொருள். செய்யுளுக்கு அழகு சேர்ப்பது அணி என்று பாடநூல்கள் தொடங்குவது இதனால்தான். இந்த நகை விளக்கமே மாணவரைக் கொஞ்சம் திசைதிருப்பியும் விடுகிறது. நகையைக் கழற்றி வைத்தாலும் ஆள் அப்படியே இருப்பார். உவமையைக் கழற்றி வைத்தால் பல பாடல்களில் சொல்ல வந்த பொருளே மிஞ்சாது. "பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கிட்டே வந்தான்" என்று சொல்லும் சிறுவன் பேச்சுக்கு நகை பூட்டவில்லை. அவன் பார்த்ததைச் சொல்ல வேறு வழி அவனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அணி இலக்கணம் ஆறாம் வகுப்பில் இயல்பு நவிற்சி, உயர்வு நவிற்சி ஆகியவற்றுடன் தொடங்குகிறது. ஏழாம் வகுப்பில் உவமையும் உருவகமும் அவற்றின் கிளைகளும் வருகின்றன. எட்டில் பிறிதுமொழிதல், வேற்றுமை, இரட்டுற மொழிதல். பத்தாம் வகுப்பில் தற்குறிப்பேற்றம், தீவகம், நிரல்நிறை, தன்மை. ஆறாம் வகுப்பு இயல்பு நவிற்சியும் பத்தாம் வகுப்புத் தன்மை அணியும் ஒன்றேதான். உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு வழங்கும் இரண்டு பெயர்கள் அவை. நான்கு ஆண்டு இடைவெளியில் அந்த உறவு பல மாணவருக்கு மறந்துபோய், புதிதாக இன்னோர் அணியைப் படிப்பதாகவே நினைக்கிறார்கள்.

பெயர்கள் பெருகுவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் உவமைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. உருவகத்தைத் தனியாகப் பிரிக்கவில்லை. பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம் அலங்காரத்தை இலக்கணத்தின் ஐந்தாம் பிரிவாக்கியது. வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று வகுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் மாறனலங்காரம் அந்த எண்ணை 64 ஆக்கியது. பள்ளிப் பாடத்துக்கு இவற்றிலிருந்து ஒரு கைப்பிடிதான் வருகிறது. ஆனாலும் பெயரும் வரையறையும் முதலில், பாட்டு பிறகு என்ற வரிசையும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது.

தேர்வு அந்த வரிசையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. "அணியைச் சான்றுடன் விளக்குக" என்ற வினாவுக்கு விடை நான்கு தலைப்புகளில் அமையும்: அணி விளக்கம், எடுத்துக்காட்டு, பாடற்பொருள், அணிப்பொருத்தம். முதல் மூன்றையும் மனப்பாடமாக எழுதிவிடலாம். நான்காவதில்தான் மாணவர் தாமே யோசித்தாக வேண்டும். நோட்ஸ் புத்தகங்கள் அதையும் தயாராக எழுதிக் கொடுத்துவிடுவதால், யோசிக்க வேண்டிய ஒரே இடமும் மனப்பாடத்துக்குள் போய்விடுகிறது. பாடலில் இன்னது பயின்று வந்துள்ளதால் இஃது இன்ன அணி என்ற ஒரே வாக்கியம், அணியின் பெயர் மட்டும் மாறி, விடைத்தாள்தோறும் வரும். அணிப்பொருத்தத்தை வகுப்பில் முதலில் பேசிவிட்டு, அணியின் பெயரைக் கடைசியில் கரும்பலகையில் எழுதினால் பாடத்தின் போக்கே மாறும்.

அதற்கு உவமையே நல்ல தொடக்கம். உவமைக்கு நான்கு உறுப்புகள்: சொல்ல வந்த பொருளான உவமேயம், அதற்கு ஒப்பாகக் காட்டப்படும் உவமானம், இரண்டையும் இணைக்கும் உவம உருபு, இரண்டுக்கும் உள்ள பொதுத்தன்மை. இவற்றில் மாணவர் கண்ணில் முதலில் படுவது உருபு. போல, அன்ன, நிகர, கடுப்ப என்று தேடிப் பிடித்து அடிக்கோடிட்டுவிடுவார்கள். இந்தத் தேடல் எளிது, ஏமாற்றவும் செய்யும். "மழை வரும் போல" என்பதில் உவமை இல்லை, ஊகம்தான் இருக்கிறது. "ஐந்து மணி போல வந்தார்" என்பது உத்தேசம். "அண்ணனைப் போல நானும் கணக்குப் படித்தேன்" என்பது வெறும் ஒப்பீடு. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டை ஒன்றாக நிறுத்துகிறது, புதிதாக எதையும் காட்டுவதில்லை. இந்த மூன்று வாக்கியங்களையும் எழுதிப் போட்டு, எது உவமை என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். உருபு இருந்தாலே உவமை ஆகிவிடாது என்பது அந்த வாதத்தில் தானாக வெளியே வரும்.

பொதுத்தன்மையைக் கண்டுபிடிக்கத் தொல்காப்பியர் ஒரு கருவி தந்திருக்கிறார். வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் உவமை பிறக்கும் என்பது அவர் கணக்கு. வினை என்றால் செயல், பயன் என்றால் விளைவு, மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். சுவரோடு ஒட்டி நடந்த பல்லிப் பையன் வினை உவமை. ஊருக்கே நிழல் தரும் வேப்பமரம் போன்ற தாத்தா பயன் உவமை. ஊசி போன்ற மூக்கு மெய். கிழங்கு மஞ்சள் போன்ற சேலை உரு. மாணவர் எழுதும் உவமைகளையும் இதே நான்கில் வைத்துப் பார்க்கலாம். "எங்க அம்மா ஜேசிபி மாதிரி" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது தவறா? வினையில் வைத்தால் அருமையான உவமை. அரை நாளில் வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்யும் அம்மாவுக்கு அதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? மெய்யில் வைத்தால் அன்று இரவு சாப்பாடு கிடைக்காது. உவமானம் உவமேயத்தைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்வதன் நியாயமும் இந்த ஒரு வாக்கியத்திலேயே பிடிபடும்.

பாடநூலில் செய்யுளுக்கு வெளியேயும் உவமை உண்டு. "உவமைத் தொடரை வாக்கியத்தில் அமைக்க" என்ற பயிற்சியில் இலவு காத்த கிளி, பசுமரத்தாணி, உள்ளங்கை நெல்லிக்கனி, அனலிலிட்ட மெழுகு ஆகியவை ஆண்டுதோறும் வரும். பொருள் பட்டியலாகக் கிடைக்கும்: ஏமாற்றம், எளிதில் பதிதல், தெளிவு, உருகுதல். மாணவர் பட்டியலை மனப்பாடம் செய்வார். கிளியைப் பார்த்திருக்க மாட்டார், இலவ மரத்தையும் பார்த்திருக்க மாட்டார். இலவங்காய் பச்சையாக, பழம்போல் தொங்கும். பழுத்தால் தின்னலாம் என்று கிளி நாள்கணக்கில் காத்திருக்கும். காய் பழுக்காது, முற்றி வெடிக்கும், உள்ளே இருப்பது பஞ்சு, அதுவும் காற்றில் பறந்துவிடும். இவ்வளவு கதை ஒரு தொடருக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது தெரிந்த பிள்ளை அதை வெறும் ஏமாற்றத்துக்குப் பயன்படுத்தாது. நெடுநாள் காத்திருந்து, காத்திருந்ததே வீண் என்று தெரியவரும் இடத்துக்கு மட்டும் பயன்படுத்தும். பேருந்து ஒருமுறை நிற்காமல் போனதற்கு இலவு காத்த கிளி பொருந்தாது. பச்சை மரத்தில் ஆணி எளிதாக இறங்குவதையும் அப்படியே ஒரு கிளையையும் சுத்தியலையும் கொண்டுவந்து காட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை.

உவமையிலிருந்து உருவகத்துக்குப் போகும் பாலம் தமிழில் மிகக் குறுகியது: இரண்டு சொற்கள் இடம் மாறினால் போதும். தேன்தமிழ் என்றால் தேன் போன்ற தமிழ், உவமைத்தொகை. தமிழ்த்தேன் என்றால் தமிழாகிய தேன், உருவகம். நடுவே போன்ற என்று நுழைத்துப் பார், ஆகிய என்று நுழைத்துப் பார், எது பொருந்துகிறது என்று கேள் என்பது தமிழாசிரியர்கள் காலகாலமாகக் கையாளும் உத்தி. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் சிமிலியையும் மெட்டஃபரையும் வேறொரு வகுப்பில் படித்துவிட்டு வருகிறார்கள். லைக் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் மற்றொன்று என்ற அந்த வகுப்புச் சூத்திரத்தை இங்கே பொருத்தினால் தேன்தமிழில் உருபு கண்ணில் படாததால் அதை உருவகம் என்று எழுதிவிடுவார்கள். தமிழில் உருபு மறைந்தும் நிற்கும். அதைப் பிரித்தெடுக்கத் தொகைநிலைத் தொடர் பற்றிய பாடம் கை கொடுக்க வேண்டும். அணியும் சொல்லிலக்கணமும் தனித்தனி அலகுகளில் கிடப்பதால் பெரும்பாலும் கை கொடுப்பதில்லை.

இதற்குப் பயிற்சி வேண்டுமானால் வகுப்பின் வருகைப் பதிவேடே போதும். கயல்விழி, மலர்விழி, தேன்மொழி என்று கூப்பிடும் ஒவ்வொரு பெயரிலும் உவமைத்தொகை உட்கார்ந்திருக்கிறது. (கயல் போன்ற விழி என்பதோடு நில்லாமல் அவ்விழியை உடையவளைக் குறிப்பதால், பெயராக வரும்போது அன்மொழித்தொகை, இதை மேல்வகுப்புக்கு விட்டுவைக்கலாம்.) கயலுக்கும் கண்ணுக்கும் பொதுத்தன்மை எது? மெய் என்று ஒருவர் சொல்வார், மீனின் வடிவம். வினை என்று இன்னொருவர் சொல்வார், ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் ஓட்டம். இரண்டும் சரி. பல நூறு ஆண்டுகளாக இந்த உவமை தாக்குப்பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

ஏகதேச உருவகம் பெயரைக் கேட்டதும் மிரட்டும், விஷயம் எளியது. "படிப்பென்னும் படகில் ஏறி வறுமையைக் கடந்தான்" என்றால் படிப்பு படகாகிவிட்டது, வறுமை கடலாகவில்லை. ஒன்றை உருவகித்து, அதனோடு தொடர்புடைய மற்றொன்றை வாசகரிடம் விட்டுவிடுவது.

இந்த விட்டுவிடுதல் முழுமையாவது பிறிதுமொழிதலில். தண்டியலங்காரம் இதை ஒட்டு என்கிறது. உவமானத்தை மட்டும் சொல்லி, உவமேயத்தைச் சொல்லாமலே உணர்த்துவது. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைச் சொல்லும் குறள் இதற்கு வழக்கமான சான்று. மென்மையான பீலிதானே என்று அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதோடு குறள் நின்றுவிடுகிறது. பகைவர் எளியவர் என்றாலும் பலர் சேர்ந்தால் வலிமை பெறுவார்கள் என்பது சொல்லப்படவே இல்லை. அது வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இருப்பதால்தான் நமக்கு விளங்குகிறது. இதே வேலையைத் தெருவில் பழமொழி செய்கிறது. கடன் வாங்கப் போகிறவனிடம் "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று சொல்லும் பாட்டி கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பழமொழியை எந்தச் சூழலில் யார் யாரிடம் சொன்னார் என்று பிள்ளைகளைச் சேகரித்து வரச் சொன்னால் பிறிதுமொழிதலுக்கு நூறு எடுத்துக்காட்டு கிடைக்கும். விடுகதையும் ஏறக்குறைய இதே குடும்பம்தான். "நாள் முழுக்க நடந்தும் வீட்டைத் தாண்டாதவன் யார்?" என்று கேட்டால், கடிகாரம் என்று கத்தும் பிள்ளை மறைந்து நின்ற உவமேயத்தைத்தான் கண்டுபிடிக்கிறது.

பத்தாம் வகுப்பில் மாணவர் மிகவும் ரசிப்பது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் காற்றில் ஆடும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வராதீர்கள் என்று கைகாட்டுவதுபோல் ஆடியதாக இளங்கோவடிகள் சொல்வது எல்லோரும் அறிந்த சான்று. இதை ஆங்கில வகுப்பின் பர்சானிஃபிகேஷனோடு குழப்பிக்கொள்வது வழக்கம். உயிரற்றதற்கு உயிர் கொடுப்பது மட்டும் இங்கே போதாது. நடந்ததற்கு வேறொரு காரணம் கற்பிக்கப்பட வேண்டும். கொடி ஆடக் காரணம் காற்று; கவிஞர் தரும் காரணம் வரப்போகும் துயரம். கதை முடிவு தெரிந்தவருக்குத்தான் அந்தக் கொடி வலிக்கும் என்பதால், இந்தக் காட்சிக்கு முன் கோவலன் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். மாணவர் தாமே எழுத, வகுப்பறை மூலையில் இடமும் வலமும் திரும்பும் விசிறி போதும். "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் அது இல்லை இல்லை என்று தலையாட்டுகிறது என்று எழுதும் பிள்ளைக்குத் தற்குறிப்பேற்றமும் புரிந்துவிட்டது, துணிச்சலும் வந்துவிட்டது.

தீவகமும் நிரல்நிறையும் சொல் வைப்பு முறை சார்ந்தவை. அதிக நேரம் கேட்பதில்லை. ஓரிடத்தில் ஏற்றிய விளக்கு அறை முழுதும் ஒளி தருவதுபோல் ஒரு சொல் பல இடங்களோடு சென்று பொருந்துவது தீவகம். "நனைந்தன வீதிகள், வீதியில் காய்ந்த நெல்மணிகள், அள்ள ஓடியவர்களின் தோள்கள்." நனைந்தன ஒன்றுதான், நனைந்தவை மூன்று. "அண்ணனும் தம்பியும் டாக்டரும் வக்கீலும் ஆனார்கள்" என்றால் யார் எது என்று எவரும் குழம்புவதில்லை. அந்த வரிசை நம்பிக்கைதான் நிரல்நிறை.

இரட்டுற மொழிதலான சிலேடைக்குப் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகம் வந்தே ஆக வேண்டும். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் மேடைச் சிலேடைக்குப் பேர்போன கி.வா.ஜகந்நாதன். மாடிப்படியில் "படி, மேலே போகலாம்" என்று எழுதி வைத்தால் செம்மொழிச் சிலேடை. ஒரே சொல் பிரியாமல் இரு பொருள் தருகிறது. பலகை என்பதைப் பல கை என்று பிரித்துப் பொருள் கொண்டால் பிரிமொழிச் சிலேடை. வஞ்சப்புகழ்ச்சிக்கு அதியமானின் தூதாகப் போன ஔவை தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் புகழ்ந்த பாட்டு. நெய் பூசி, பீலி சூட்டிப் புத்தம் புதிதாக இருக்கின்றன உன் வேல்கள். எங்கள் மன்னனுடையவை முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். போர் பார்க்காத வேல்கள் என்ற ஏளனம் புரிந்ததும் வகுப்பில் சிரிப்பு எழும். பத்து மணிக்கு எழுந்து வருபவனை "வாங்க துரை, இவ்வளவு சீக்கிரமா!" என்று வரவேற்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் கற்பிக்க அதிகமில்லை.

கடினமானது மேல்வகுப்பில் வரும் உள்ளுறை உவமம். சங்க அகப்பாடலில் உருபும் இல்லை, உவமேயமும் இல்லை. ஒரு நிலக்காட்சி மட்டும் இருக்கும். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டே உள்ளுறை பிறக்கும் என்று தொல்காப்பியம் வரம்பு கட்டுகிறது. ஆகவே பறவை, விலங்கு, பூ, மரம் எதையும் வெறும் வருணனையாகக் கடந்துபோக முடியாது. ஒன்றில் தேன் குடித்துவிட்டு இன்னொரு பூவுக்குத் தாவும் வண்டு மருதப் பாட்டில் வந்தால், ஆசிரியர் கொஞ்சம் இருமிவிட்டு அடுத்த அடிக்குப் போவதே வழக்கம். இருமாமல் காத்திருந்தால், அந்த வண்டு யார் என்ற பதில் பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து வரும்.