ஷாம்பு போட்டுக் குளிக்கும் சர்ட்டிஃபிகேட்!

டெல்லியில் டிரெயினிங், புனேயில் வேலை, வெளிநாட்டில் எம்.எஸ். என்று விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும் முதன்முதலா ஃப்ளைட் ஏறும் காலம் இது. டிக்கெட், ஐ.டி. கார்டு, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை எல்லாம் கரெக்டா இருக்கும். போய் இறங்கி பெட்டியைத் திறந்தா... சட்டையெல்லாம் ஷாம்பு! நடுவுல பிளஸ் டூ மார்க் ஷீட் நுரை தள்ளிக் கிடக்கும். மறுநாள் காலையில் ஒரிஜினல் வெரிஃபிகேஷன்னா யார்கிட்டே போய் அழறது?

'மூடியை ஒழுங்கா மூடலை'ன்னு உடனே திட்டாதீங்க. நிஜ வில்லன், பாட்டிலுக்குள்ளே இருக்கும் காற்று!

விமானத்துக்குள்ளே ஊட்டி

விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. ரோடு கிட்டத்தட்ட சமவெளி. பஸ் எவ்வளவு குலுக்கினாலும் காற்றழுத்தம் பெரிசா மாறாது. ஆனால், விமானம் மேலே போனதும் கேபினில் இருக்கும் அழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. ஆக, டேக் ஆஃப் ஆன கொஞ்ச நேரத்திலேயே உங்க பெட்டி ஊட்டிக்குப் போயிடுது! லக்கேஜ் வைக்கும் கீழ்த்தளத்திலும் இதே கதைதான்.

மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதேதான். 1662-ல் ராபர்ட் பாயில் சொன்ன விதி. 8,000 அடியில் அழுத்தம் தரைமட்டத்தைப் போல முக்கால் பங்குதான். அதனால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலா விரியும். 200 மி.லி. பாட்டிலில் பாதி காலின்னா, உள்ளே இருக்கும் 100 மி.லி. காற்று 133 மி.லி. ஆகப் பார்க்கும். பாட்டில் படுத்திருந்தால், ஷாம்பு வெளிநடப்பு!

என்ன பண்ணலாம்?

* மூடும் முன்னால் பாட்டிலை லேசா அமுக்கி, காற்றை வெளியேற்றிட்டு, அமுக்கினபடியே மூடுங்க. பேஸ்ட் ட்யூபுக்கும் இதேதான்.

* மூடியைக் கழற்றி, பாட்டில் வாயில் கழுவிக் காயவைத்த பால் கவர் துண்டு ஒன்றை வைத்து, மேலே மூடியைத் திருகுங்க. காசில்லாத வாஷர்!

* ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவில் நிற்க வையுங்க.

* தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வீட்டில் கெட்டியா இருக்குன்னு ஏமாறாதீங்க. சென்னை வெயிலில் உருகி ஓடும்.

* ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட், லேப்டாப் ரெண்டும் கைப்பையில்தான் வரணும். கைப்பையில் திரவம் வைத்தால் 100 மி.லி.க்கு உட்பட்ட பாட்டிலா இருக்கட்டும். 2006-ல் லண்டனில் திரவ வெடிகுண்டு சதி பிடிபட்ட பிறகு உலகமெங்கும் பரவிய கட்டுப்பாடு இது.

பக்கத்து ஊர் வைத்தியம்

இத்தனை வேலையும் வேண்டாமா? பெட்டிக்கடையில் சரம் சரமாத் தொங்குதே ஷாம்பு பாக்கெட், நாலு கிழிச்சு வாங்கிக்குங்க. உள்ளே காற்று கொஞ்சம்தான். அது விரிந்தாலும் பாக்கெட் உப்பி இடம் கொடுக்கும்.

இந்த பாக்கெட் நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம் பாஸ்! ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து எல்லா வீட்டுக்கும் கொண்டுபோனதில் முன்னோடி, கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் ஆரம்பித்ததுதான் 'சிக்' ஷாம்பு. அப்போ கடலூர், விழுப்புரம், திண்டிவனம் எல்லாமே ஒரே தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான்.

பெரிய பாட்டில் வாங்க முடியாதவங்களுக்காக வந்த பாக்கெட், இன்னிக்கு ஃப்ளைட் ஏறுபவர்களுக்கும் கைகொடுக்குது. காலி கவரை மட்டும் பாத்ரூமில் விட்டுடாம, குப்பைத்தொட்டியில் போட்டுடுங்க. ஹேப்பி ஜர்னி!