கால் டாக்சி ஓட்ட லைசென்ஸ் மட்டும் போதாது... போலீஸ் விசாரணையிலும் தேறணும்!

வத்தலக்குண்டு: கொடைக்கானல் மலைப்பாதையில் வாடகை கார் ஓட்டிப் பழகிய வத்தலக்குண்டு வாலிபர்கள், கோவை, சென்னை சென்று ஓலா, ஊபரில் சேர லைசென்ஸ் மட்டும் போதாது. போலீஸ் விசாரணையிலும் தேற வேண்டும்.

ஏன் இந்த கெடுபிடி? 2014 டிசம்பரில் டெல்லியில் ஊபர் காரில் சென்ற இளம்பெண்ணை டிரைவரே பலாத்காரம் செய்தார். அவர் மீது ஏற்கனவே வழக்குகள் இருந்ததும், அவரது நன்னடத்தை சான்று போலி என்பதும் பிறகுதான் தெரிந்தது. 2015ல் ஆயுள் தண்டனை பெற்றார்.

இதையடுத்து கெடுபிடி அதிகரித்தது. குடிபோதையில் வண்டி ஓட்டியது, மோசடி, பாலியல் குற்றம் போன்றவற்றில் முந்தைய 7 ஆண்டுக்குள் தண்டனை பெற்றவரை சேர்க்கக்கூடாது என மத்திய அரசு 2020ல் அறிவித்தது. 2025ல் வந்த புது விதிகளிலும் போலீஸ் விசாரணை உண்டு.

புரோக்கரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். தமிழக போலீஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். உள்ளூரில் 'நம்ம பையன்தானே' என்பார்கள். வெளியூரில் தனியா கார் ஏறும் பெண்ணுக்கு டிரைவர் யாருன்னே தெரியாது. இந்த விசாரணை அவருக்காகத்தான்.