டாப் எண்டா, நான்கு சக்கர இழுவையா?

ஒரே கார் மாடலை நிறுவனங்கள் பல படிகளாகப் பிரித்து விற்கின்றன. ஒவ்வொரு படியும் ஒரு வேரியன்ட். கீழே இருப்பது பேஸ் மாடல், உச்சியில் இருப்பது டாப் எண்ட். நகருக்குள் ஓடும் சிறிய காரில் இந்தப் படிகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு பெரும்பாலும் திரை, இருக்கை உறை, அலாய் வீல், ஸ்பீக்கர் என்ற அளவோடு நின்றுவிடும். மண்ணிலும் சேற்றிலும் இறங்கவேண்டிய குடும்ப வண்டியில் அப்படி நிற்பதில்லை. எஞ்சினின் விசை இரண்டு சக்கரத்துக்குப் போகுமா, நான்குக்கும் போகுமா என்பதையே சில மாடல்களில் வேரியன்ட்தான் முடிவு செய்கிறது. ஆகவே இந்த வகை வண்டியில் எந்த மாடல் என்ற கேள்விக்கு நிகரானது எந்த வேரியன்ட் என்ற கேள்வி.

இந்தியச் சந்தையில் ஐந்து கதவுகளோடு, ஏணி வடிவ லேடர் சட்டகத்தின் மேல் கட்டப்பட்ட மூன்று வண்டிகள் இந்தப் பிரிப்பை மூன்று விதமாகச் செய்கின்றன. ஃபோர்ஸ் நிறுவனத்தின் கூர்க்கா 2024இல் ஐந்து கதவு வடிவில் வந்தபோது அதற்கு ஒரே வேரியன்ட். 2.6 லிட்டர் டீசல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கர இழுவை, முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக், ஆழமான நீரைக் கடக்க உதவும் ஸ்நார்கெல் ஆகிய அனைத்தும் வாங்குகிற எவருக்கும் உண்டு. நிறத்தைத் தவிர யோசிக்க அதிகமில்லை. மாருதி சுசூகியின் ஜிம்னி 2023 ஜூனில் ஜீட்டா, ஆல்ஃபா என்ற இரண்டு வேரியன்ட்டுகளில் விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதே நான்கு சக்கர இழுவை, அதே ஆறு ஏர்பேக். கூடுதலாக ஏறத்தாழ 95,000 ரூபாய் கொடுத்து ஆல்ஃபா வாங்கியவருக்கு எல்இடி முகப்பு விளக்கு, 9 அங்குலத் திரை, அலாய் வீல், தானியங்கி ஏசி, குரூஸ் கன்ட்ரோல் கிடைத்தன. மலையேறும் திறனில் ஒரு குண்டூசி அளவும் கூடவில்லை.

சிக்கல் மூன்றாவது வண்டியில்தான். மஹிந்திரா தார் ராக்ஸ் 2024 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. எம்எக்ஸ்1, எம்எக்ஸ்3, ஏஎக்ஸ்3எல், எம்எக்ஸ்5, ஏஎக்ஸ்5எல், ஏஎக்ஸ்7எல் என்று ஆறு பெயர்கள். நான்கு சக்கர இழுவை டீசலுக்கு மட்டும் உண்டு, அதுவும் எம்எக்ஸ்5, ஏஎக்ஸ்5எல், ஏஎக்ஸ்7எல் ஆகிய மூன்றில் மட்டும். மற்றதெல்லாம் பின்சக்கர இழுவை. அறிமுக விலைப் பட்டியலில் நான்கு சக்கர இழுவையுள்ள எம்எக்ஸ்5 மேனுவல் 18.79 லட்சம். பின்சக்கர இழுவை மட்டுமே உள்ள ஏஎக்ஸ்7எல் டீசல் மேனுவல் 18.99 லட்சம். கிட்டத்தட்ட ஒரே பணத்தில் ஒரு பக்கம் நான்கு சக்கரமும் இழுக்கும் நடுத்தர வண்டி, மறுபக்கம் பனோரமிக் சன்ரூஃப், காற்றோட்ட இருக்கை, ஹார்மன் கார்டன் ஒலியமைப்பு, 360 டிகிரி கேமரா எல்லாம் இருந்தும் இரண்டு சக்கரத்தில் ஓடும் வண்டி. விலைகள் பிறகு மாறின, வரியும் மாறியது. ஆனால் வாங்குபவர் முன்னால் நிற்கும் கேள்வி இன்றும் இதே கேள்விதான்.

அதற்கு விடை காண, கூடுதல் பணத்துக்கு வண்டியின் அடியில் என்ன சேர்கிறது என்று பார்க்க வேண்டும். கியர்பாக்ஸை ஒட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாவது பெட்டி வருகிறது. அதிலிருந்து முன் அச்சுக்கு ஒரு தண்டு, முன் அச்சில் ஒரு டிஃபரன்ஷியல். ஓட்டுநர் 2எச், 4எச், 4எல் என்ற மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்கிறார். முதலாவது சாலைக்கு. இரண்டாவதில் முன்சக்கரங்களும் இழுக்கும், வேகம் குறையாது. மூன்றாவதுதான் லோ ரேஞ்ச். கூடுதல் பற்சக்கரத் தொகுதி ஒன்று குறுக்கே வந்து வேகத்தைக் குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்குகிறது. ஜிம்னியில் இந்த விகிதம் ஏறத்தாழ 2. அதாவது அதே எஞ்சின் சக்கரத்தில் இரண்டு மடங்கு விசை தரும், வண்டி பாதி வேகத்தில் ஊர்ந்து போகும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். பிரேக்கை அழுத்திக்கொண்டே சரளைக் கல்லில் வழுக்காமல், எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்.

இதோடு பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியல் லாக். சாதாரண டிஃபரன்ஷியல், வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இதே குணம் பகையாகிறது: தொங்கும் சக்கரம் வீணே சுழலும், தரையைத் தொடும் சக்கரம் அசையாமல் நிற்கும். ஜிம்னி இதற்கு பிரேக்கைப் பயன்படுத்துகிறது. வீணாகச் சுழலும் சக்கரத்தைக் கணினி பிடித்து நிறுத்த, விசை மற்றதற்குப் போகிறது. ராக்ஸின் நான்கு சக்கர இழுவை வண்டியில் பின் அச்சை மின்சாரத்தால் பூட்டும் வசதி உண்டு. கூர்க்காவில் இரண்டு அச்சையும் பூட்டலாம். 2020இல் வந்த மூன்று கதவுத் தாரில் பின் டிஃபரன்ஷியல் லாக் சில வேரியன்ட்டுகளில் மட்டுமே இருந்தது. ஆகவே நான்கு சக்கர இழுவை என்று எழுதியிருந்தாலே லாக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் ஜீப் ராங்ளரில் இந்த வேறுபாட்டுக்கே ஒரு வேரியன்ட் பெயர் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கரடுமுரடான மலைத்தடம் ஒன்றின் பெயரைத் தாங்கிய ரூபிகான் வேரியன்ட்டில் லோ ரேஞ்ச் விகிதம் 4, முன் பின் இரண்டிலும் லாக். சாதாரண ராங்ளரில் விகிதம் 2.72தான். அங்கே பெயரைப் படித்தாலே இயந்திரம் தெரிந்துவிடும். எம்எக்ஸ்5 என்ற பெயரில் அது தெரியாது, அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்தியாவில் பலிக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிக் காவலுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, பின்சக்கர இழுவை வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் அச்சும் புதிதாகப் பொருத்துவது செலவிலும் உத்தரவாதத்திலும் கட்டுபடியாகாத வேலை. ஸ்பீக்கர், இருக்கை உறை, தரைப் பாய் எல்லாம் வெளிக்கடையில் கிடைக்கும். எதைப் பிறகு வாங்க முடியாதோ அதற்கு முதலில் பணம் ஒதுக்குவதே அறிவுள்ள வரிசை.

ஆனால் அந்த வசதி தேவைதானா என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளும், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளும் தார்ச்சாலை. ஊட்டி, ஏற்காடு, கொடைக்கானல் எல்லாமே அப்படித்தான். பேருந்து போகிற பாதைக்கு நான்கு சக்கர இழுவை எதற்கு? சொல்லப்போனால் காய்ந்த தார்ச்சாலையில் இவ்வகை வண்டிகளை நான்கு சக்கர நிலையில் ஓட்டவே கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் சுற்றுகின்றன. இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருந்தால் அந்த வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறும், ஸ்டீயரிங் கனக்கும், பற்சக்கரம் தேயும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது.

உண்மையான தேவை வேறு இடத்தில் இருக்கிறது. மழைக்குப் பிறகு கரிசல் நிலத்து வண்டிப்பாதையில் போய்வர வேண்டிய விவசாயக் குடும்பம், எஸ்டேட்டுக்குள் கடைசி சில கிலோமீட்டர் கல்லும் சேறுமான பாதையில் வீடுள்ளவர்கள், கடற்கரை மணலில் படகு இழுப்பவர்கள், லடாக், ஸ்பிட்டி என்று பனியில் பயணம் போகிறவர்கள். கரிசல் மண் ஒரு மழைக்கே டயர் வரிகளை அடைத்து வழவழவென்று ஆக்கிவிடும். அங்கே பின்சக்கர இழுவை வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும். ஆண்டு முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடி, எப்போதாவது ரிசார்ட்டின் மண்பாதையில் இறங்கும் குடும்பத்துக்கு நல்ல கிரவுண்ட் கிளியரன்ஸும் நல்ல டயரும் போதும். அவர்கள் 18.99 லட்சம் கொடுத்து டாப் எண்ட் வாங்கியிருந்தாலும் அதில் தவறில்லை.

டயரில் ஒரு நுணுக்கம் உண்டு. ராக்ஸின் நடு வேரியன்ட்டில் 255/65 ஆர்18 டயர், ஏஎக்ஸ்7எல்லில் 255/60 ஆர்19. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முதலாவதில் ரப்பர்ச் சுவர் 166 மில்லிமீட்டர், இரண்டாவதில் 153. இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். ஆக, பெரிய வீல் போட்டதால் வண்டி தரையிலிருந்து மேலே எழவில்லை. ரப்பர் குறைந்து உலோகம் கூடியது, அவ்வளவே. கூர்மையான கல்லில் அடிபடும்போது வளைந்து கொடுப்பது ரப்பர்தான், மணலில் காற்றை இறக்கி ஓட்டும்போது அகலமாகப் படிவதும் அதுதான். ஷோரூம் விளக்கில் 19 அங்குலம் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மை. ஜீட்டாவின் சாதாரண ஸ்டீல் வீலும் இப்படித்தான்: அழகில்லை, ஆனால் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் பலமாக அடிபட்டால் விரிசல் விடும்.

அதற்காக மேல் வேரியன்ட்டில் உள்ளதெல்லாம் அலங்காரம் என்று தள்ளிவிடவும் முடியாது. 360 டிகிரி கேமரா பார்க்கிங்குக்கான சொகுசு போலத் தோன்றும். மேட்டின் உச்சியில் பானட் வானத்தைப் பார்த்து நிற்க, முன்சக்கரம் எங்கே இறங்கப் போகிறது என்று தெரியாத நொடியில் அதைப்போல உதவும் கருவி வேறில்லை. இல்லாவிட்டால் ஒருவர் கீழே இறங்கி நின்று கைகாட்ட வேண்டும். பிரகாசமான எல்இடி விளக்கும், ஆல்ஃபாவில் வரும் விளக்குக் கழுவியும் சேறு தெறிக்கும் இரவில் பயன் தரும். பின்பக்கம் செங்குத்தாக நிற்கும் கண்ணாடியில் புழுதி படியும் என்பதால் பின் வைப்பர் இல்லாத பேஸ் மாடலைத் தவிர்ப்பது நல்லது. பனோரமிக் சன்ரூஃப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், சித்திரை வெயிலில் அதன் திரையைத் திறப்பவர்கள் குறைவு. ராக்ஸின் வெள்ளை உள்ளலங்காரமும் பேச்சுக்குள்ளானது. சேற்றுக்காலோடு ஏறும் பிள்ளைகளுக்கும் வெள்ளை இருக்கைக்கும் ஒத்துவராது. நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு மஹிந்திரா பழுப்பு நிற உள்ளலங்காரத்தையும் கொடுத்தது பொருத்தமான முடிவு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, அது வேரியன்ட்டோடு மாறுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ராக்ஸ் 2024 நவம்பரில் வெளியான பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பெரியவர் பாதுகாப்பில் 32க்கு 31.09, குழந்தைப் பாதுகாப்பில் 49க்கு 45. ஆறு ஏர்பேக் அடிப்படை வேரியன்ட்டிலிருந்தே உண்டு. எதிரே ஆபத்து வந்தால் தானே பிரேக் போடும் வகை உதவிகள் மேல் வேரியன்ட்டுகளுக்கு உரியவை. நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர் அதற்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் முன்கண்ணாடியில் சேறு படிந்தால் அந்த உதவிகளுக்கு வழிகாட்டும் கேமராவுக்கும் கண் தெரியாது. கூர்க்காவில் ஏழு பேர் உட்காரலாம், ஏர்பேக் இரண்டுதான். ஜிம்னியில் நான்கு பேருக்கே இடம், பின்னிருக்கையை மடக்காமல் டிக்கி 208 லிட்டர். பாட்டியோடு ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அதன் எந்த வேரியன்ட்டும் ஆகாது.

கியர்பாக்ஸ் அடுத்த முடிச்சு. ராக்ஸ் அறிமுகப் பட்டியலில் நான்கு சக்கர இழுவையுள்ள ஏஎக்ஸ்5எல் ஆட்டோமேட்டிக்கும் ஏஎக்ஸ்7எல் மேனுவலும் ஒரே 20.99 லட்சம். ஆட்டோமேட்டிக் டாப் எண்டுக்கு 22.49 லட்சம். கரடுமுரடில் ஆட்டோமேட்டிக் வசதிக்குறைவு என்பது பழைய நம்பிக்கை. கல்லேறும்போது கிளட்ச் கருகும் அச்சமில்லை, ஏற்றத்தில் பின்னால் உருளாது. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் ஏஎக்ஸ்5எல்லே பொருந்தும். அதே டீசல் எஞ்சின் 152 பிஎஸ், 175 பிஎஸ் என்று இரண்டு திறனில் விற்கப்படுகிறது; எந்த வேரியன்ட்டுக்கு எது என்பதையும் அட்டவணையில் சரிபார்க்க வேண்டும்.

விலைப்பட்டியலில் உள்ளது எக்ஸ்-ஷோரூம் விலை. கையிலிருந்து போவது ஆன்ரோடு விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் வேரியன்ட், பட்டியலில் தெரிவதைவிடக் கூடுதலாகக் கடிக்கும். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் வரி மட்டும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும். நான்கு சக்கர இழுவைக்குப் பராமரிப்புச் செலவும் உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் முன் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனியாக எண்ணெய் மாற்ற வேண்டும், எடை கூடுவதால் எரிபொருளும் சற்றுக் கூடும்.

ஷோரூமில் சோதனை ஓட்டத்துக்கு நிற்பது பெரும்பாலும் டாப் எண்ட் வண்டிதான். வாங்கப்போகும் வேரியன்ட்டிலேயே குடும்பத்தை உட்காரவைத்து, குழந்தை இருக்கையைப் பொருத்தி, பின்சீட்டில் மேடு பள்ளத்தை அனுபவித்துப் பார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை. ஆண்டு நடுவில் நிறுவனங்கள் வசதிகளைக் கூட்டியும் குறைத்தும் விடுவதால், முன்பணம் கட்டும் மாதத்தின் கையேட்டைக் கேட்டு வாங்கி, ரசீதில் வேரியன்ட்டின் முழுப்பெயரும் இழுவை வகையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெலிவரி எடுக்கும் நாளில் மண்தரையில் வண்டியை நிறுத்தி 4எச், 4எல் இரண்டையும் போட்டு, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதா, லாக் பூட்டித் திறக்கிறதா என்று சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.